படத்தைப் பார்த்துச் சொல்லை ஊகிக்கும் குழந்தைக்கு வாசிப்பை எப்படிக் கற்பிப்பது?

கேள்வி:

என் மகளுக்கு ஆறு வயது நிறைந்துவிட்டது. கதைப் புத்தகத்தை விரலால் தொட்டுத் தொட்டு வாசிக்கிறாள். ஆனால் ‘வண்டி நின்றது’ என்று அச்சிட்டிருந்த பக்கத்தில் ‘பஸ் நின்றது’ என்றாள். படத்தில் இருந்தது பஸ். படத்தைக் கையால் மறைத்ததும் பேச்சே இல்லை; என் முகத்தைப் பார்த்தாள். ஒரு மாதமாக இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துவருகிறேன். புத்தகங்களோடு புழங்க விட்டால், பேச்சு வந்ததைப் போலவே வாசிப்பும் தானாக வந்துவிடும் என்கிறது ஒரு தரப்பு. எழுத்தையும் ஒலியையும் முறையாகச் சொல்லித்தராவிட்டால் பின்னால் திண்டாடுவாள் என்கிறது மற்றொன்று. இத்தனைக்கும் க, கா, கி, கீ வரிசை முழுவதும் அவளுக்கு மனப்பாடம். எங்கே பிழை செய்கிறேன்?

மறுமொழி 1:

வாசிப்பு என்பது சூழலையும் பொருளையும் துணைக்கொண்டு ஊகிக்கும் விளையாட்டு என்று 1967-இல் அமெரிக்கக் கல்வியாளர் கென்னத் குட்மன் எழுதினார். முதல் தரப்பின் வாதம் வலுப்பெற்றதில் அந்தக் கட்டுரைக்குப் பெரும் பங்கு உண்டு. கேட்க இனிமையாகத்தான் இருந்தது. ஆனால் கண்ணசைவை அளந்து பார்த்த ஆய்வுகள் வேறு விதமாகக் காட்டின. தேர்ந்த வாசகரின் கண் பெரும்பாலான சொற்களில் ஏறத்தாழக் கால் நொடி நின்று, எழுத்துகளைப் பார்த்த பிறகே நகர்கிறது. சூழலை நம்பி ஊகிப்பவர்கள் எழுத்துக்கூட்டத் தடுமாறுபவர்களே. பேச்சோடு ஒப்பிடுவதும் பொருந்தாது. எழுத்து தோன்றி ஏறத்தாழ 5,000 ஆண்டுகளே ஆகின்றன. அதற்கென்று மூளையில் பிறவியிலேயே ஒதுக்கிய இடம் கிடையாது. உருவங்களை அடையாளம் காணும் இடப்பக்கப் பகுதியொன்றைப் பயிற்சியால் எழுத்துக்குத் திருப்பிக்கொள்கிறோம் என்கிறார் மூளை ஆய்வாளர் ஸ்தனிஸ்லாஸ் டெஹேன். உங்கள் மகள் ஊகிப்பது சோம்பலால் அல்ல. தன்னிடம் உள்ள ஒரே கருவியைப் பயன்படுத்துகிறாள். முதலில் வரியை வாசிக்கச் சொல்லிவிட்டு, பிறகு படத்தைக் காட்டிப் பாருங்கள்.

மறுமொழி 2:

மனப்பாடத்தை நம்பாதீர்கள். என் மகனும் வரிசையைப் பாட்டாகப் பாடுவான். ‘கூ’வை மட்டும் தனியே எழுதிக் காட்டினால், ‘க’விலிருந்து தொடங்கி விரல்விட்டு எண்ணி, மறு கையின் முதல் விரலுக்கு வந்த பிறகே அதைச் சொல்வான்.

247 எழுத்துகள் என்று மலைக்க வேண்டியதில்லை. 12 உயிரும் 18 மெய்யும், அவை ஒன்றோடொன்று சேரும் முறையும் பிடிபட்டால் பெரும்பகுதி வந்துவிடும். ஆனால் அந்த முறையில் குழந்தைகள் இடறும் இடங்கள் உண்டு. கு, சு, டு, மு ஆகியவற்றை அருகருகே எழுதிப் பாருங்கள். உகரத்துக்கு ஒரே குறி இல்லை என்பது தெரியும். கொம்போ, ஒலியில் பின்னால் வருவதாக இருந்தும் எழுத்தில் முன்னால் நிற்கிறது. ‘கொ’வில் கொம்பும் காலுமாக இருபுறமும் சூழ்ந்துகொள்கிறது. இடமிருந்து வலமாகப் பார்க்கப் பழகிய குழந்தை ‘கெ’யில் முதலில் கொம்பைச் சந்தித்துத் திகைத்து நிற்பதில் வியப்பில்லை. நான் ‘படம்’ என்று எழுதி, காலை மட்டும் சேர்த்துப் ‘பாடம்’ ஆக்கினேன். பிறகு முதலெழுத்தை மாற்றி ‘மாடம்’ ஆக்கினேன். ஒன்றே ஒன்று மாறினால் ஒலியும் பொருளும் மாறுவதை அவனே கண்டுகொண்டான். ‘தங்கம்’, ‘அகம்’ இரண்டிலும் ககரம் வெவ்வேறாக ஒலிப்பதை இப்போதே விளக்க வேண்டாம். தெரிந்த சொல்லாக இருந்தால் நாக்கே திருத்திக்கொள்ளும்.

மறுமொழி 3:

‘தெரிந்த சொல்லாக இருந்தால்’ என்பதைத்தான் நான் அடிக்கோடிடுவேன். முதல் மறுமொழியைப் படிப்பவர்கள் புத்தகங்களோடு புழங்குவதே வீண் என்று எண்ணிவிடக்கூடும். எழுத்துக்கூட்டும் திறனையும் மொழியைப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கினால் வருவதே வாசித்துப் புரிந்துகொள்ளுதல் என்று காஃப், டன்மர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1986-இல் எழுதினர். கூட்டல் அன்று, பெருக்கல். ஒன்று சுழியமானால் விடையும் சுழியமே. தமிழில் இதற்கு இன்னொரு முகமும் உண்டு. வீட்டில் ‘வந்தாங்க’ என்று கேட்டு வளர்ந்த குழந்தை புத்தகத்தில் ‘வந்தார்கள்’ என்பதைப் பிழையின்றிக் கூட்டி வாசித்தாலும், காதுக்கு அது அந்நியமாகவே படும். எனவே நாள்தோறும் உரக்க வாசித்துக் காட்டுங்கள். அப்போது பேச்சுவழக்குக்கு மாற்றாமல் அச்சில் உள்ளபடியே வாசியுங்கள்.

கேள்வி கேட்டவர்:

மூவருக்கும் நன்றி. இன்று மாலை படத்தைத் தாளால் மூடிவைத்தேன். ‘வ… வண்… டி’ என்று வருவதற்கு வெகுநேரம் ஆயிற்று. தாளை நீக்கியதும், “இது வண்டி இல்லையே, பஸ்!” என்று புத்தகத்தின் மீதே குறை கண்டாள். இன்னும் ஓர் ஐயம்: ண, ன இரண்டையும் சேர்த்தே சொல்லித்தரலாமா?

மறுமொழி 2 எழுதியவர்:

வேண்டாம். வடிவிலும் ஒலியிலும் ஒத்தவற்றை ஒரே நாளில் அறிமுகப்படுத்தினால் இரண்டும் குழம்பிவிடும். ஒன்று நன்றாகப் படிந்து சில வாரங்கள் கழிந்த பிறகு, ‘மணம்’, ‘மனம்’ இரண்டையும் அருகருகே வைத்துக் காட்டுங்கள்.