சங்குப்பிட்டியிலை பாதை (கடல்நீரேரியைக் கடக்கிற மிதவை) ஓடின காலம் தெரிஞ்ச ஆக்கள் இருக்கிறியளோ?

கைதடிப் பெடியன்:
போன கிழமை பூநகரியாலை மன்னாருக்குப் போனனாங்கள். யாழ்ப்பாணத்தையும் பூநகரியையும் இணைக்கிற சங்குப்பிட்டிப் பாலத்திலை நிண்டு படம் எடுக்கேக்கை மாமா சொன்னார், முந்தி இதிலை பாதைதான் ஓடினதாம். வாகனமும் ஏத்தினவையோ? அப்பிடிப் பாதை இருந்ததெண்டால் சண்டை நேரம் சனம் ஏன் கிளாலிக் கடலாலை போனது?

பூநகரியார்:
ஓம் தம்பி, வாகனமும் ஏறும். யாழ்ப்பாணப் பக்கம் கேரதீவுக் கரையிலை ஏறினால் சங்குப்பிட்டியிலை இறங்கலாம். சோளகக் காத்துத் தூக்கி அடிச்சால் காத்துக்கொண்டு இருக்கவேண்டியதுதான். எங்கடை ஐயா மொட்டைக்கறுப்பன் அரிசி மூட்டையளைச் சாவகச்சேரிச் சந்தைக்குக் கொண்டு போறவர். உப்புத்தண்ணி பட்டால் சந்தையிலை ஒருத்தரும் தொடாயினம். கீழை பனையோலை பரப்பி, மேலை படங்கு போட்டு, அதுக்கு மேலை தானும் ஏறிக் குந்திக்கொண்டு வருவார். எங்களுக்கு இடமில்லை, நிண்டுதான் வாறது.

1990 ஆனியிலை சண்டை திரும்பத் துவங்க ஆனையிறவாலை போக ஏலாமல் போச்சு. பிறகு பூநகரியிலை ஆமி முகாம் வர, இந்தப் பாதை வழியும் அடைபட்டுப் போச்சு. கொம்படி, ஊரியான் எண்டு தண்ணிக்குள்ளாலை நடந்த சனம், பிறகு கிளாலியிலை இருட்டுக்குள்ளை வள்ளம் ஏறினது. நேவி சுட்டுச் செத்தவை எத்தினை பேர். 1996க்குப் பிறகு யாழ்ப்பாணக் கரை ஆமியிட்டை, பூநகரிக் கரை இயக்கத்திட்டை (புலிகளிட்டை). 2008 கார்த்திகையிலை ஆமி பூநகரியைப் பிடிக்கும்வரை அதுதான் நிலைமை. பாலம் திறந்தது 2011 தை 16, பொங்கலுக்கு மற்றநாள். நீளம் 288 மீற்றர்தான்.

மட்டுவிலான்:
உண்மையைச் சொன்னால் எங்களுக்கு இந்தப் பாலத்தாலை பெரிசா ஒண்டுமில்லை அண்ணை. கொழும்புக்கு ஏ9 றோட்டு இருக்குத்தானே.

பூநகரியார்:
உமக்கு ஏ9 வாசலிலை கிடக்கு, சொல்லுவீர்! நாங்கள் பேருக்குக் கிளிநொச்சி மாவட்டம், ஆனால் வருத்தம் துன்பமெண்டால் யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரிக்குத்தான் ஓடுறது. பாலம் இல்லாட்டில் பரந்தனுக்குப் போய், ஆனையிறவாலை சுத்தி, சாவகச்சேரி தாண்டி வரவேணும். பிள்ளைப்பேத்து நோவோடை ஒருத்தியை அப்பிடி ஏத்திக்கொண்டு வந்து பாரும். கொழும்புக் கதையை விடும், இந்தப் பாலம் எங்களுக்குக் கட்டினது எண்டுதான் நான் நினைக்கிறன்.

கைதடிப் பெடியன்:
நன்றி ஐயா. பாதையை இனிப் படத்திலைதான் பாக்கலாம் போலை.

மட்டுவிலான்:
ஏன் படத்திலை? காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையிலை பாதை ஓடுது. மோட்டச்சைக்கிளோடை போம், ஏத்துவினம். பின்னேரம் போகாதையும், வேலை விட்ட சனத்தோடை நெரிபடவேணும்.