ஏழாவது ஆளின் கூலி: எங்கள் குடும்பக் குழுவில் ஒரு சனிக்கிழமை

காலை 10:12

கவி: யாருக்காவது எக்ஸெல் நன்றாகத் தெரியுமா? நேற்று மாலை போட்ட வாரக் கூலியில் ஏழு பேருக்குப் பணம் திரும்பி வந்துவிட்டது. மற்ற 34 பேருக்கும் ஏறிவிட்டது. மேனேஜர் காலையிலேயே ஆரம்பித்துவிட்டார். சேர்ந்து இரண்டே வாரம் 😢

கவி: 📷 புகைப்படம்

சின்ன மாமா: முதலில் அந்தப் படத்தை எடு அம்மிணி. அத்தனை பேரின் பெயரும் அக்கவுண்ட் நம்பரும் அதில் இருக்கிறது. இங்கே 23 பேர் இருக்கிறோம்.

🚫 இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பெரியத்தை: காலை வணக்கம் 🌹🌹

அம்மா: பாப்பா பால் குடித்துவிட்டாள். நீ வேலையைப் பார்.

சின்ன மாமா: திரும்பி வந்த ஏழும் ஒரே பேங்கா?

கவி: ஆமாம் மாமா! எப்படித் தெரியும்?

சின்ன மாமா: அந்த பேங்கில் அக்கவுண்ட் நம்பர் 16 இலக்கமாக இருக்கும். ஷீட்டில் கடைசி இலக்கம் என்ன என்று பார்.

கவி: 0. அடுத்ததும் 0. ஐயோ, ஆறு பேருக்கும் 0! ஏழாவது மட்டும் 3இல் முடிகிறது, அது சரியாகத்தான் இருக்கிறது.

சின்ன மாமா: எக்ஸெல் ஒரு எண்ணில் 15 இலக்கத்தைத்தான் வைத்துக்கொள்ளும். பதினாறாவதாக நீ எதை அடித்தாலும் 0 ஆக்கிவிடும். சத்தமே போடாது.

கவி: அடித்தவுடன் 6.05ஈ+15 என்று வந்தது. ஃபார்மேட்டை மாற்றி நேராக்கிவிட்டேன் என்று நினைத்தேன்.

சின்ன மாமா: பார்ப்பதற்கு நேராகிவிட்டது. கடைசி இலக்கம் அதற்கு முன்பே போய்விட்டது.

பிரபு: அக்கா, அந்த நெடுவரிசை முழுவதையும் டெக்ஸ்ட் ஃபார்மேட்டுக்கு மாற்றுங்கள், சரியாகிவிடும்.

சின்ன மாமா: போனது திரும்பாது தம்பி. டெக்ஸ்டுக்கு மாற்றிவிட்டு, பாஸ்புக் ஜெராக்ஸைப் பார்த்து மறுபடியும் அடிக்க வேண்டும். மூலையில் ஒரு பச்சை முக்கோணம் வரும் கவி, பயப்படாதே.

கவி: சரி மாமா. இன்னொன்றும் இருக்கிறது. ஓவர்லாக் மெஷினில் தைக்கிற அக்காவுக்கு செக்கிங் வேலைக்கான ரேட் விழுந்திருக்கிறது. ரேட் ஷீட்டில் தேடி எடுக்கிற விலுக்கப் ஃபார்முலா போட்டுத்தான் எடுத்தேன். அந்த அக்கா நேரே வந்து, "நான் என்ன துணியை மடித்துக்கொண்டா இருக்கிறேன்?" என்று கேட்டுவிட்டார்.

பிரபு: விலுக்கப் எல்லாம் பழசு அக்கா. எக்ஸ்லுக்கப் போடுங்கள்.

கவி: போட்டேன். #நேம்? என்று எரர் வருகிறது.

சின்ன மாமா: ஆபீசில் எந்த வெர்ஷன்?

கவி: 2016.

சின்ன மாமா: அதில் எக்ஸ்லுக்கப் கிடையாது. விலுக்கப்பில் நான்காவதாக என்ன போட்டாய்?

கவி: ஒன்றும் போடவில்லையே.

சின்ன மாமா: அதுதான் சங்கதி. அதை விட்டுவிட்டால், உன் ரேட் பட்டியல் ஏறுவரிசையில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு தேடும். அப்படி இல்லாவிட்டால் எங்கேயோ போய் நின்று, அந்த ரேட்டைக் கூச்சமில்லாமல் எடுத்துக் கொடுக்கும். நான்காவதாக 0 போடு.

கவி: ஓவர்லாக் சரியாகிவிட்டது 🙏 ஆனால் பிளாட்லாக் மெஷின் ரேட்டுக்கு #என்/ஏ, கிடைக்கவில்லை என்கிறது.

சின்ன மாமா: அந்த 'பிளாட்லாக்' இருக்கிற செல்லுக்குப் போய் எஃப்2 அழுத்து. கர்சர் எங்கே நிற்கிறது?

கவி: கடைசி எழுத்தைத் தாண்டி... ஓ! ஒரு ஸ்பேஸ் இருக்கிறது.

பிரபு: ஷீட்டை எனக்குத் தனியாக அனுப்புங்கள் அக்கா, அரை மணி நேரத்தில் எல்லாவற்றையும் தானாகச் செய்கிற மேக்ரோ போட்டுத் தருகிறேன்.

சின்ன மாமா: போட்டுத் தருவாய். அடுத்த சனிக்கிழமை அது மக்கர் செய்தால் மேனேஜர் பெங்களூருக்கா போன் போடுவார்? எனக்கும் ஆடிட்டர் ஆபீசில் இப்படித்தான் ஒரு புண்ணியவான் எல்லாவற்றையும் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். நான்கு வருடம் அந்த ஷீட்டைத் தொடவே பயந்தேன். அவளே அழுத்தட்டும்.

பெரியத்தை: கவிக்கு என்ன ஆச்சு? யார் திட்டினது?

கவி: ஒன்றுமில்லை அத்தை. எக்ஸெலில் தப்புப் பண்ணிவிட்டேன்.

சின்ன மாமா: 2020இல் இங்கிலாந்தில் 15,841 கொரோனா நோயாளிகள் கணக்கில் விடுபட்டுப் போனார்கள். பழைய எக்ஸ்எல்எஸ் கோப்பு 65,536 வரிக்கு மேல் கொள்ளாது, மிச்சம் கீழே விழுந்துவிட்டது. அதுவும் அரசாங்க அலுவலகம். நீ ஏழு பேர்தான்.

கவி: இதை மேனேஜரிடம் சொல்லட்டுமா 😂

அம்மா: வேண்டாம்.

பிற்பகல் 3:40

கவி: ஆறு பேருக்கும் ஏறிவிட்டது மாமா!! ஏழாவது மறுபடியும் திரும்பி வந்துவிட்டது.

சின்ன மாமா: அதைப் புதிதாக அடித்தாயா?

கவி: இல்லை, அது சரியாக இருக்கிறது என்று பழைய ஷீட்டிலிருந்து ஒட்டினேன். 3இல்தானே முடிகிறது?

சின்ன மாமா: பக்கத்துச் செல்லில் லென் ஃபார்முலா போட்டு அந்த நம்பரைக் காட்டு. எத்தனை இலக்கம் வருகிறது?

கவி: 15.

சின்ன மாமா: பாஸ்புக்கில் முதல் இலக்கம்?

கவி: 0... அடப் பாவமே. முன்னால் இருந்த பூஜ்யத்தை முழுங்கிவிட்டதா?

சின்ன மாமா: 👍

பெரியத்தை: யார் பூஜ்யம் வாங்கினது?

அம்மா: அண்ணி, கொஞ்சம் இருங்கள். அவள் அடிக்கட்டும்.