1991 எம்எக்ஸ்-5-க்கு மாற்று டயர்: 14 இன்ச்சிலேயே இருப்பதா, 15-க்குப் போவதா? மழையில் பின்பக்கம் வழுக்குகிறது

நாலுநட்டு:
வண்டி 1991 மாஸ்டா எம்எக்ஸ்-5, முதல் தலைமுறை, 1.6 இன்ஜின், ஏபிஎஸ் கிடையாது. கம்பெனியில் வந்த அதே 14 இன்ச் அலாய், அகலம் 5.5. ஸ்டிக்கரில் 185/60ஆர்14 82எச், காற்று 26 பிஎஸ்ஐ.

இப்போது முன்னால் 185/60ஆர்14, பின்னால் 195/60ஆர்14. முன்னது ஒரு பிராண்ட், பின்னது வேறு. பின் டயரில் பட்டன் (தரையைத் தொடும் ரப்பரின் பள்ள ஆழம்) இன்னும் 5 மி.மீ. இருக்கு. ஆனாலும் மழையில் வளைவில் ஆக்சிலரேட்டரைத் தொட்டாலே பின்பக்கம் வெளியே போகுது. 95-100 வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்குது. முன் டயர் இரண்டிலும் உள் ஓரம் மட்டும் தேஞ்சிருக்கு.

டயர் கடையில் "14-ல் ஸ்போர்ட்ஸ் டயர் வராது, 195/60-ஐயே நாலும் போட்டுக்குங்க, இல்லைன்னா 7 இன்ச் அகலத்தில் 15 வீல் வாங்கி 205/50 போடுங்க" என்கிறார்கள். ஓட்டுவது ரோட்டில்தான், மழையிலும் எடுப்பேன். வருஷத்துக்கு ஒரு தடவை டிராக்கில் ஓட்டும் எண்ணம் உண்டு. எது சரி?

ரப்பர்மணம்:
பட்டன் அளவை விடுங்க, தேதியைச் சொல்லுங்க. பக்கச்சுவரில் டிஓடி என்று தொடங்கும் வரியின் கடைசி நாலு இலக்கம். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். முழு வரி டயரின் ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கும், வெளியே தெரியலைன்னா கார் அடியில் டார்ச்சோடு குனிஞ்சு உள்பக்கம் பாருங்க. நாலுக்குப் பதில் மூணே இலக்கம் இருந்தா அது 2000-க்கு முந்தைய டயர். மேற்கொண்டு எதுவும் பார்க்க வேண்டாம், கழற்றிடுங்க.

நாலுநட்டு:
முன் இரண்டும் 3217. பின் இரண்டும் 1109. பின் டயரின் பள்ளத்துக்குள் மயிரிழை மாதிரி வெடிப்பு இருக்கு. நகத்தை அழுத்தினால் தடமே விழலை.

ரப்பர்மணம்:
அப்போ வழுக்கலுக்கு வேற காரணம் தேட வேண்டாம். 1109 என்றால் 2009-ன் 11-வது வாரம். ரப்பரை இளக்கமா வைக்கிற எண்ணெய் போயிடுச்சு, ரப்பர் இறுகிடுச்சு. பள்ளம் 5 மி.மீ. இருந்தா தண்ணி வெளியே போகும், அவ்வளவுதான். ஈரச் சாலையின் நுண்ணிய மேடுபள்ளத்துக்குள் ரப்பர் அமுங்கி உட்கார்ந்தால்தான் பிடி வரும். இறுகிய ரப்பர் அமுங்காமல் மேலேயே சறுக்கும். நிழலில் நிற்கும் வண்டியில் வெளிப்பார்வைக்கு டயர் புதுசு மாதிரியே இருக்கும், அதில்தான் ஏமாறுவோம். 6 வருஷத்துக்குப் பிறகு வருஷா வருஷம் பார்க்கணும், 10 ஆனால் பட்டன் எவ்வளவு இருந்தாலும் மாற்றணும்.

முன் டயரும் வயசானது, ஓரமும் தேஞ்சது. நாலையும் ஒரே மாடலா, ஒரே தேதிக்குப் பக்கத்தில் வாங்குங்க. இரண்டுதான் இப்போ முடியும் என்றால் புதுசு பின்னாடிதான் போகணும். முன்னால் போட்டால் இப்போ இருக்கும் வழுக்கல் இன்னும் மோசமாகும்.

கணக்குப்பிள்ளை:
அளவுக்கு வருவோம். 185/60ஆர்14: பக்கச்சுவர் 185-ல் 60 சதம், அதாவது 111 மி.மீ. மேலும் கீழுமாக 222, ரிம் 355.6. மொத்த விட்டம் 577.6 மி.மீ. மற்றவை இதோடு ஒப்பிட்டால்:

195/60ஆர்14 – 589.6 மி.மீ., 2.1 சதம் பெரிசு
195/55ஆர்14 – 570.1 மி.மீ., 1.3 சதம் சிறிசு
195/50ஆர்15 – 576 மி.மீ., 0.3 சதம் சிறிசு
205/50ஆர்15 – 586 மி.மீ., 1.5 சதம் பெரிசு

கடைக்காரர் சொல்லும் 195/60 ரிம்மில் ஏறும், உருளும். ஆனால் கியர் நீளும், இழுவை மந்தமாகும். இந்த வண்டியில் ஸ்பீடோமீட்டர் கேபிள் கியர்பாக்ஸிலிருந்து வருவதால் பின் டயரின் விட்டம்தான் முள்ளை ஆட்டும். டயர் பெரிசானால் முள் காட்டுவதைவிட வண்டி வேகமாகப் போகும். இதெல்லாம் சின்ன விஷயம். 5.5 இன்ச் ரிம்மில் உயரமான பக்கச்சுவர் சாயும், ஸ்டீயரிங் திருப்பியதற்கும் வண்டி திரும்புவதற்கும் நடுவில் ஒரு தயக்கம் வரும். அதுதான் எனக்குப் பெரிய குறை.

பாதி_திறந்த_கூரை:
15 இன்ச் வேண்டுமென்றால் தேட வேண்டியது 7 அகலம் இல்லை. இதே காரின் இரண்டாம் தலைமுறையில் வந்த 15×6, ஆஃப்செட் 40 வீல் (ஆஃப்செட் என்பது ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் உட்காரும் முகம் எத்தனை மி.மீ. தள்ளி இருக்கு என்பது; எண் குறைந்தால் வீல் வெளியே வரும்). நாலு நட்டு, அவை அமையும் வட்டம் 100 மி.மீ., நடுத்துளை 54.1 மி.மீ.; எல்லாமே உங்க ஹப்புக்கு அப்படியே பொருந்தும். அதில் 195/50ஆர்15 82வி கம்பெனி அளவே.

உங்க 14×5.5 ஆஃப்செட் 45. இதிலிருந்து 15×6 ஆஃப்செட் 40-க்குப் போனால் ரிம்மின் உள்விளிம்பு 1 மி.மீ. சொச்சம் உள்ளே போகும், வெளிவிளிம்பு 11 மி.மீ. வெளியே வரும். எங்கேயும் உரசாது. கடையில் காட்டும் 7 அகலம் ஆஃப்செட் 25-ஆக இருந்தால் வெளியே 39 மி.மீ. தள்ளும், ஆள் ஏறி ஒரு பள்ளத்தில் இறங்கியதும் பின் மட்கார்டின் உள்மடிப்பு டயரைச் சீவும். மடிப்பைத் தட்டிச் சமன் செய்தால்தான் ஓட்ட முடியும். முப்பது வருஷப் பெயின்டில் அந்த வேலை வேண்டாம்.

என் ஓட்டு 15×6-க்கு. அந்த அளவில் நல்ல ரப்பர் கலவை அதிகம் கிடைக்கும், 14-ல் தெரிவு சுருங்கிவிட்டது.

ரப்பர்மணம்:
கிடைக்கும் என்பது சரி, ஆனால் 14-ஐ இப்படி ஓரங்கட்ட வேண்டாம். வண்டி எடை 1,000 கிலோவுக்கும் கீழே. உயரமான பக்கச்சுவர் ரோட்டு மேடுபள்ளத்தை வாங்கிக்கும், கம்பெனி 14 வீலும் லேசானது. ரோட்டுக்கு மட்டும் என்றால் 185/60ஆர்14-ல் ஈரப்பிடி நல்லா உள்ள சாதாரண கோடைக் கலவையே போதும். புது டயருக்கும் 2009 டயருக்கும் உள்ள வித்தியாசத்தில் 14, 15 சண்டை அடிபட்டுப் போகும்.

எந்த ரிம்மாக இருந்தாலும் வாங்கும்போது இரண்டைப் பாருங்க.

ஒண்ணு, எக்ஸ்எல் என்று போட்ட டயரைத் தவிருங்க. அது கூடுதல் பாரத்துக்காகச் சுவரைத் தடிமனாக்கியது. 82 என்றாலே ஒரு டயருக்கு 475 கிலோ, நாலுக்கு 1,900. உங்க வண்டிக்கு அதுவே மிச்சம். எக்ஸ்எல் போட்டால் கல்லில் ஓட்டின மாதிரி குதிக்கும்.

இரண்டாவது, ட்ரெட்வேர் எண், அதாவது தேய்மான எண்; குறைந்தால் சீக்கிரம் தேயும். 200 என்பது டிராக்கை மனசில் வைத்த மென்கலவை, பட்டனும் பெரும்பாலும் ஆழம் குறைவு. வெயிலில் அபாரம், தேங்கிய தண்ணீரில் சீக்கிரம் மிதக்கும். மழையிலும் எடுப்பேன் என்று நீங்களே சொல்றீங்க. வருஷத்துக்கு ஒரு நாள் டிராக்குக்காக மிச்ச நாளெல்லாம் அதில் ஓட்டாதீங்க. 300-க்கு மேல் உள்ள கோடை டயர் பாருங்க. அந்த எண்ணை அந்தந்தக் கம்பெனியே போடுவது, அதனால் இரண்டு பிராண்டை நேருக்கு நேர் ஒப்பிட உதவாது. வேகக்குறி எச் அல்லது அதற்கு மேல். வி என்றால் தாராளம், டி-க்கு இறங்க வேண்டாம்.

கணக்குப்பிள்ளை:
நடுக்கத்துக்கும் உள் ஓரத் தேய்மானத்துக்கும் புது டயர் மட்டும் மருந்தாகாது. உள் ஓரம் மட்டும் தேய்ந்தால் பெரும்பாலும் டோ-அவுட், அதாவது டயர்களின் முன்முனை வெளிப்பக்கம் பார்ப்பது. தேய்ந்த இடத்தில் குறுக்கே கையை உள்ளே தடவி, பிறகு வெளியே தடவிப் பாருங்க. ஒரு திசையில் வழவழ, மறு திசையில் ரம்பப்பல் போலக் குத்தினால் டோ-தான். இரு பக்கமும் வழவழன்னு சரிவாகத் தேய்ந்திருந்தால் கேம்பர், அதாவது வீல் செங்குத்திலிருந்து சாயும் கோணம்.

நடுக்கத்தில் ஒன்றைப் பிரித்துப் பார்க்கணும். பல நாள் நின்ற வண்டி கிளம்பியதும் நடுங்கி, டயர் சூடானதும் அடங்கினால் அது நின்ற தட்டை, அதாவது நின்றே டயர் அடியில் தட்டையானது. சூடான பிறகும் அதே வேகத்தில் வந்தால் பேலன்ஸிங் அல்லது வளைந்த ரிம். டயர் இல்லாத ரிம்மை மெஷினில் சுற்றவிட்டுப் பார்க்கச் சொல்லுங்க. டயர் ஏற்றிய பிறகு யாரும் பார்க்க மாட்டாங்க.

நாலுநட்டு:
தடவிப் பார்த்தேன், ஒரு திசையில் மட்டும் குத்துது. நடுக்கம் சூடானாலும் போகலை. 15×6 கம்பெனி வீல் ஒரு செட் கிடைக்குது, அதில் 195/50ஆர்15 82வி போடப் போறேன். மாட்டும் அன்னைக்கு எதைக் கவனிக்கணும்?

பாதி_திறந்த_கூரை:
பழைய அலாயில் டயர் விளிம்பு உட்காரும் இடத்தில் வெள்ளைப் பொடி பூத்திருக்கும். அதைச் சுரண்டாமல் டயர் ஏற்றினால் வாரத்துக்கு 3, 4 பிஎஸ்ஐ கசியும், பஞ்சர் என்று தேடிக்கொண்டே இருப்பீங்க. கம்பி பிரஷ்ஷால் சுத்தம் செய்து, தேவைப்பட்டால் பீடு சீலர் (விளிம்பில் பூசும் பசை) மெல்லிசா. ரப்பர் வால்வு நாலும் புதுசு. டயரில் மஞ்சள் புள்ளி இருந்தால் அதை வால்வுக்கு நேராக வைக்கச் சொல்லுங்க, வெயிட் குறைவாக ஒட்டினால் போதும். 'அவுட்சைடு' என்று எழுதிய பக்கம் வெளியே.

ஹப் முகத்தில் துரு இருந்தால் வீல் சமமாக உட்காராது, நடுக்கம் திரும்ப வரும். சுரண்டிடுங்க. நட் எம்12×1.5, கூம்பு முகம். கையால் திருகி, குறுக்கும் நெடுக்குமாக இறுக்கி, கடைசியில் டார்க் ரென்ச்சால் 90-லிருந்து 118 நியூட்டன் மீட்டருக்குள். ஏர் கன்னோடு யாரும் பக்கத்தில் வர வேண்டாம். 100 கி.மீ. ஓடியதும் மறுபடி ரென்ச் வைத்துப் பாருங்க.

கணக்குப்பிள்ளை:
அலைன்மென்ட்டுக்குப் போகும் முந்தின நாள் ராத்திரியே கீழ் விஷ்போனின் (வீலைத் தாங்கும் கை) உள்முனை எக்சென்ட்ரிக் போல்ட்களில் (கோணம் மாற்றத் திருப்புபவை) துரு எண்ணெய் அடித்து வையுங்க. இந்த வயசு வண்டியில் அவை புஷ்ஷோடு ஒட்டிப் போயிருக்கும். அசையலைன்னா "முன் டோ மட்டும் வைத்தோம்" என்று அனுப்பிடுவாங்க. சீட்டில் உங்க எடைக்கு மூட்டை வைத்து அளக்கச் சொல்லுங்க. முன் கேம்பர் மைனஸ் 1 டிகிரி (வீலின் மேல்முனை உள்ளே சாய்வது), பின்னால் அதைவிட அரை டிகிரி கூட, இரண்டு அச்சிலும் டோ-இன் (முன்முனை உள்ளே பார்ப்பது) துளி. பின்பக்கம் டோ-அவுட்டில் இருந்தால் எந்த டயர் போட்டாலும் மழையில் பழைய கதைதான்.

நாலுநட்டு:
காற்று அதே 26-ஆ? கடையில் 32 என்கிறார்கள்.

ரப்பர்மணம்:
32 கனமான கார்களுக்கு அடிக்கிற பழக்கம். இந்த எடையில் டயர் நடுவில் உப்பி, ஓரம் ரோட்டை அழுத்திப் பிடிக்காது. காலையில் வண்டி எடுக்கும் முன், குளிர்ந்த டயரில் 26 வைத்துத் தொடங்குங்க. முதல் 300 கி.மீ. நிதானம், புது ரப்பர் மேல் அச்சிலிருந்து வந்த வழவழப்பு இருக்கும், அதுவும் மழையில் வேண்டவே வேண்டாம். டிராக் நாளில் பட்டன் முடிந்து சுவர் தொடங்கும் இடத்தில் சாக்பீஸால் குறுக்கே கோடு போடுங்க. பக்கச்சுவரில் உள்ள சின்ன முக்கோணக் குறியைத் தாண்டிக் கோடு அழிந்தால் 1 பிஎஸ்ஐ ஏற்றுங்க, குறி வரைக்கும் எட்டவே இல்லைன்னா இறக்குங்க.