கண்ணாடிப் பரப்பில் ஒரு கோடு: அச்சுப் பிழையா, கீறலா?

தம்பி, பரப்பில் இருக்கிற கோடுகள் அச்சுப் பிழையா கீறலா என்று கேட்டு நீங்கள் நேற்றுப் போட்ட கென்னடி அரை டாலர் படத்தைப் பார்த்ததும் என் பழைய அனுபவம் ஞாபகம் வந்தது. உங்கள் காயினுக்குக் கடைசியில் வருகிறேன், முதலில் என்னுடையதைச் சொல்லிவிடுகிறேன்.

2013-ஆம் வருட அமெரிக்க சில்வர் ஈகிள் வெள்ளிக் காயின், புரூஃப், அதாவது சேகரிப்பவர்களுக்காகக் கண்ணாடி மாதிரி மெருகோடு அடிப்பது. வெஸ்ட் பாயிண்ட் நாணயச்சாலையில் அடித்தது, அதன் ‘டபிள்யூ’ குறி உண்டு. தரம் பார்த்து மூடித் தருகிற பிளாஸ்டிக் உறையில், அதாவது ஸ்லாபில், பிஎஃப்69 என்று போட்டிருந்தது (புரூஃபுக்கு 70-தான் முழு மதிப்பெண்). விற்றவர், “ஸ்ட்ரைக் த்ரூ எரர், இரண்டு நூல் தடம், கிரேடிங் பண்ணியவர்கள் கவனிக்காமல் விட்டுவிட்டார்கள்” என்று எழுதி, சாதாரண 69 போகிற விலையைப் போல மூன்று மடங்கு கேட்டார். காயினை அடிக்கிற அச்சுக்கும் (டை) காயினாகப் போகிற தகட்டுக்கும் நடுவில் ஏதாவது சிக்கி, அதன் தடம் விழுவதுதான் ஸ்ட்ரைக் த்ரூ. நியூ ஜெர்சியில் இருக்கும் மச்சான் வாங்கி வைத்து, லீவுக்கு ஊருக்கு வந்தபோது கொண்டுவந்து கொடுத்தான். பணம் கொடுத்த பிறகுதான் பத்து மடங்கு லென்ஸில் பார்த்தேன். அந்தத் தப்பை நீங்கள் செய்யாதீர்கள்.

டியூப் லைட்டில் ஒன்றும் புரியவில்லை. மேஜை விளக்கில் ஒற்றை பல்பு போட்டு ஸ்லாபை மெதுவாகச் சாய்த்தேன். முதல் கோடு இரண்டாகப் பிரிந்தது! ஒன்று மேலே, ஒன்று கீழே. சாய்க்கச் சாய்க்க நடுவில் இடைவெளி கூடியது, குறைந்தது. கோடு பிளாஸ்டிக்கில் இருந்தது. புரூஃப் காயினின் பரப்பு கண்ணாடி இல்லையா, மேலே இருக்கிற கீறலின் பிம்பம் அதில் விழுகிறது. காயினிலேயே இருக்கிற தடம் எப்படித் திருப்பினாலும் ஒற்றையாகவே நிற்கும்.

இரண்டாவது கோடு அப்படி நின்றது. சுதந்திர தேவியின் முதுகுப் பக்கம், வெற்றுப் பரப்பில் தலைமுடி போல வளைந்து, பறக்கிற கொடித்துணியின் மேல் ஏறி முடிந்தது. இதை மட்டும் அரைமணி நேரம் பார்த்திருப்பேன். கூர்மையான பொருள் உரசியிருந்தால் உலோகம் ஒதுங்கி, கோட்டின் இரு கரையிலும் மெல்லிய மேடு கட்டும். இதில் மேடு இல்லை. தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே தடிமன். பள்ளத்தின் அடி பளபளக்காமல் மங்கலாக இருந்தது, ஏனென்றால் மெருகேற்றிய டை அந்த இடத்தில் தகட்டைத் தொடவே இல்லை, நடுவில் நூல் இருந்திருக்கிறது. கொடித்துணியில் பனி படர்ந்த மாதிரி இருக்கிற வெண்மையின் மேல் கீறல் விழுந்தால் வெள்ளிக்கம்பி மாதிரி மின்னும், அதுவும் இல்லை. டையையோ தகட்டையோ துடைத்த துணியின் நூல் ஒட்டிக்கொண்டிருக்க, அதோடு சேர்த்து அடித்துவிட்டார்கள். அடிக்கும்போதே விழுந்த தடம், நிஜமான ஸ்ட்ரைக் த்ரூதான்.

ஆனால் மூன்று மடங்கு விலைக்கு அது தகுமா? என்னைக் கேட்டால் தகாது. எரர் என்று லேபிளில் வர வேண்டுமானால் அதற்கென்றே தனிக் கட்டணம் கட்டி அனுப்ப வேண்டும், அனுப்பினாலும் இவ்வளவு சின்ன நூல் தடத்துக்கு எழுதிக் கொடுப்பது அரிது. கவனிக்காமல் விட்டார்கள் என்பதையும் நான் நம்பவில்லை. பார்த்திருக்கிறார்கள், 70 போட வேண்டிய காயினுக்கு 69 போட்டிருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. விற்றவர் அதே குறையைக் காட்டி விலையை ஏற்றிவிட்டார்.

———

அண்ணா, நடுவில் நானும் ஒன்று சொல்கிறேன், கென்னடி போட்ட தம்பி இல்லை நான். எனக்கு நடந்தது வேறு மாதிரி. என்னுடையதும் சில்வர் ஈகிள்தான், பிஎஃப்70. வாங்கி மூன்று வருடம் கழித்து எடுத்துப் பார்த்தால் கழுகின் மேல் பால் சிந்தின மாதிரி ஒரு வெள்ளைத் திட்டு. அந்த வெண்பனித் தோற்றம் சரியாக விழாத டை, அதனால் எரர் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். வாங்கிய அன்று போனில் எடுத்த படத்தைத் தேடி எடுத்தேன், அதில் திட்டு இல்லை. ஸ்லாபுக்குள் இருக்கும்போதே பிறகு வந்திருக்கிறது. வெள்ளிக் காயின்களில் மில்க் ஸ்பாட் என்று சொல்வது இதைத்தான். டையினால் வந்த குறை முதல் நாளே இருந்திருக்கும். அன்றிலிருந்து எந்த ஸ்லாப் வந்தாலும் வந்த அன்றே இரண்டு பக்கமும் படம் எடுத்துத் தேதியோடு வைக்கிறேன்.

———

நல்ல பழக்கம், நானும் தொடங்கப் போகிறேன்.

தம்பி, இப்போது உங்கள் கென்னடி. தலையைச் சுற்றியுள்ள வெற்றுப் பரப்பு முழுக்க ஒரே திசையில் மெல்லிய கோடுகள். அவை கழுத்தோரம் வந்ததும் நின்று, அந்தப் பக்கம் அதே வரிசையில் தொடர்கின்றன. இதுதான் முக்கியம். டையில் கென்னடியின் தலை பள்ளமாக இருக்கும், பரப்புதான் மேடு. மெருகு போடும்போது மேட்டில் மட்டும் கோடு விழும். காயினில் அது புடைத்த கோடாக வரும், தலைக்குள் நுழையாது. யாராவது துணியால் துடைத்திருந்தால் முதலில் உரசுவது தலையின் மேட்டைத்தான். அதனால் உங்களுடையது டை பாலிஷ் கோடு என்றே நினைக்கிறேன். கீறல் இல்லை, அந்தக் கவலை வேண்டாம். எரரும் இல்லை.

டையிலேயே நடந்த பிழை என்றால் 1990 லிங்கன் சென்ட் புரூஃப் மாதிரி இருக்கும். சான் பிரான்சிஸ்கோவில் அடித்தது, ‘எஸ்’ குறி இருக்க வேண்டும். குறியில்லாத டையைப் போட்டு அடித்துவிட்டார்கள். பார்த்ததும் தெரிகிற பிழை, லேபிளிலும் ‘எஸ் இல்லை’ என்றே எழுதித் தருகிறார்கள்.

விளக்கை வலப்பக்கம் வைத்து ஒரு படம், இடப்பக்கம் வைத்து ஒரு படம் எடுத்துப் போடுங்கள். கோடு புடைப்பா பள்ளமா என்பது நிழல் விழும் பக்கத்தில் தெரிந்துவிடும்.