கோத்தகிரியில் சுவரோரம் கொடி ரோஜா: வளர்த்தவர்கள் வழி சொல்லுங்கள்

வணக்கம். கோத்தகிரியில் எங்கள் வீட்டுப் பின்பக்கம் ஏழடி உயரக் கற்சுவர் இருக்கிறது, கிழக்குப் பார்த்தது. அதில் மஞ்சள் கொடி ரோஜா ஏற்ற வேண்டும் என்பது அம்மாவின் நெடுநாள் ஆசை. போன வருடம் வைத்த செடி பிழைக்கவில்லை. சுவரை ஒட்டியே குழி எடுத்துவிட்டேன். மூன்று நாள் மழைக்குப் பிறகு தோண்டிப் பார்த்தால் அஸ்திவாரத்தை ஒட்டிய மண் விபூதி மாதிரி உதிர்ந்தது. ஒரு முழம் தள்ளி நல்ல ஈரம். சுவர் சாரலை மறைத்துவிடுகிறது என்று அப்போதுதான் புரிந்தது.

இந்த முறை ஒன்றரை அடி தள்ளி நட்டு, செடியைச் சுவர்ப் பக்கம் சாய்த்துவிடப் போகிறேன். மக்கிய தொழு உரமும் வேப்பம் பிண்ணாக்கும் தயார். கோல்டன் ஷவர்ஸ் ரகம் சொல்லி வைத்திருக்கிறேன். தண்டுகளைப் படுக்கைவாட்டில் இழுத்துக் கட்டினால் கணுவுக்குக் கணு துளிர்த்துப் பூக்கும், அது தெரியும்.

தெரியாதது கம்பி விஷயம். சுவருக்கும் கம்பிக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி போதுமா? காற்றோட்டம் இல்லாவிட்டால் இங்கே மூடுபனியில் கரும்புள்ளி வந்து, அடி இலைகள் மஞ்சளாகிக் கொட்டிவிடும். பழைய கற்சுவரில் காரை பெயராமல் ஆணி இறக்குவது எப்படி? எங்கள் மண் அமிலத்தன்மை கூடியது; குழிக்கு எவ்வளவு சுண்ணாம்பு, நடுவதற்கு எத்தனை நாள் முன்பு போட வேண்டும்?

நீலகிரி, கொடைக்கானல் பக்கம் வளர்ப்பவர்கள் சொன்னால் பெரிய உதவி. உங்கள் சுவரின் படம் இருந்தால் போடுங்கள், அம்மாவுக்குக் காட்டுகிறேன்.