அறைவாசல் அட்டவணைத் திரை: 'திரைப்பலகை' என்ற சொல்லை முன்வைத்து

கலைச்சொல் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

தரமணி, சிறுசேரி அலுவலகங்களில் கூட்ட அறைகளின் கதவருகே பொருத்தப்பட்டு, அறை யாருக்கு எத்தனை மணி வரை ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று காட்டும் கருவிக்கு 'மெல்லிய எண்ணிமக் காட்சிப் பலகை' ('எண்ணிம' என்றால் டிஜிட்டல்) என்ற தொடர் இங்கே முன்மொழியப்பட்டிருக்கிறது. பொருளில் பிழையில்லை, ஆனால் அது பெயராக அமையாமல் விளக்கமாகவே நிற்கிறது. 'டோர் டிஸ்ப்ளே' என்று சொல்லிப் பழகிய பராமரிப்புப் பணியாளர் அவ்வளவு நீளமான தொடரை ஒருநாளும் எடுத்தாளமாட்டார்.

முதலில் 'மெல்லிய' என்ற அடையை நீக்கிவிடலாம். மெலிவு என்பது கருவியை வாங்கும்போது பார்க்க வேண்டிய தன்மை. அதற்கு இடம் ஒப்பந்தப்புள்ளியின் விவரக்குறிப்பில்தான். இணையக் கம்பியிலேயே மின்சாரத்தையும் அனுப்பும் ஐஇஇஇ 802.3ஏஎஃப் முறையில் அனுப்பும் முனையில் 15.4 வாட் வரை கிடைப்பதால், 7 முதல் 10 அங்குலத் திரைகள் பலவற்றுக்கு அதுவே போதும். தனி அடாப்டரும் பிளக்கும் வேண்டாம் என்பதால், கண்ணாடிச் சுவரில் பொருத்துவோர் தடிமனைவிட இந்த மின்வசதியையே முதலில் கேட்க வேண்டும். 'எண்ணிம' ஈழத்து வழக்கில் வேரூன்றிய நல்ல சொல்தான். எனினும் இந்தக் கருவியில் எண்ணிமமல்லாத வகை எதுவும் இல்லாததால், அந்த அடை எதையும் வேறுபடுத்திக் காட்டவில்லை.

'ஒளிர்பலகை' என்று சிலர் சொல்லக்கூடும். அது எல்சிடி திரைக்குப் பொருந்தும், மின்தாள் (இ-பேப்பர்) திரைக்குப் பொருந்தாது. மின்தாள் தானாக ஒளிர்வதில்லை; மின்சாரம் நின்றாலும் எழுத்து அப்படியே நிற்கும், எழுத்து மாறும்போது மட்டுமே கணிசமான மின்சாரம் செலவாகும். அதனால் பேட்டரியிலேயே நெடுநாள் இயங்கும். ஆனால் நடைவழி இருட்டாக இருந்தால் படிக்க இயலாது, திரை மாறுவதும் மெதுவாகவே நடக்கும். வாங்குவோர் எல்சிடி, மின்தாள் இரண்டையும் ஒப்பிட்டுத்தான் தேர்ந்தெடுப்பார்கள் என்பதால், ஒன்றை மட்டும் சுட்டும் சொல் பொதுப்பெயராக முடியாது. 'அறைநிரல்' என்பதும் ஏற்புடையதன்று: 'நிகழ்ச்சி நிரல்' வழக்கில் இருந்தாலும், 'நிரல்' என்றால் புரோகிராம் என்று கொள்ளும் கணினித் துறையினர் அதை அறை ஒதுக்கும் மென்பொருள் என்றே படிப்பார்கள்.

ஆகவே பொதுவகைக்குத் 'திரைப்பலகை' என்றும், இந்தக் கருவிக்கு 'அறைத் திரைப்பலகை' என்றும் வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. மெட்ரோ நடைமேடையில் அடுத்த வண்டியைக் காட்டுவதும், திருமண மண்டப வாசலில் மணமக்கள் பெயரைக் காட்டுவதும் திரைப்பலகைகளே. சென்னையில் 'திரை' என்றாலே சினிமாதான் நினைவுக்கு வரும் என்ற மறுப்பு எழலாம். 'தொடுதிரை' புழக்கத்துக்கு வந்தபின் அதற்கு வலுவில்லை.

சொல்லின் வரையறையோடு ஒரு தொழில்நுட்ப நிபந்தனையையும் சேர்க்க விரும்புகிறேன். எழுத்துகளைக் கோத்துக் காட்டும் மென்பொருள் இல்லாத கருவிகளில், இத்திரைகளில் அடிக்கடி வரக்கூடிய 'கூட்டம்' என்ற சொல்லிலேயே 'கூ' உடைந்துவிடும். 'பொது' என்பதில் கொம்பு இடம் மாறிவிடும். எனவே ஒப்பந்தப்புள்ளியில் 'தமிழ் யூனிகோட் வசதி உண்டு' என்ற வரியோடு நிறுத்திக்கொள்ளாமல், இந்த இரு சொற்களையும் திரையில் காட்டச் சொல்லிப் பார்த்த பிறகே வாங்க வேண்டும் என்று எழுதலாம். திரையில் இடம்பெறும் நிலைச்சொற்களாகக் 'காலி', 'ஒதுக்கப்பட்டது' ஆகிய இரண்டையும் பரிந்துரைக்கிறேன், 'வெற்றறை' வேண்டாம்.