பிரேக் காற்று நீக்கம்: சென்ற மாதப் பதிவின் புதுப்பிப்பு

முன் காலிப்பர்கள் (சக்கரத்தின் பிரேக் தட்டை இறுகப் பிடிக்கும் பாகங்கள்) இரண்டையும் மாற்றியபின் பிரேக் பெடல் பஞ்சு போல அமுங்குவதாகவும், வெற்றிடக் கைப்பம்பால் உறிஞ்சும்போது குமிழிகள் ஓயாமல் வருவதாகவும் சென்ற மாதம் எழுதியிருந்தேன். அந்தக் குமிழிகளில் பெரும்பாலானவை பிரேக் திரவம் ஓடும் லைனிலிருந்து வந்தவையே அல்ல. தளர்த்திய பிளீடர் நிப்பிளின் (காற்றை வெளியேற்றக் காலிப்பரில் உள்ள சிறு திருகு வால்வு) மரை வழியாக வெளிக்காற்றையே பம்பு இழுத்துக்கொண்டிருந்தது.

எனவே இருவர் முறைக்குத் திரும்பினேன். மனைவி பெடலை மிதித்து, "பிடிச்சிருக்கேன்" என்றதும் நான் ரிங் ஸ்பேனரால் நிப்பிளைக் கால் சுற்றுத் திறந்து, திரவம் வெளியேறியபின் இறுக்கி மூடிய பிறகே அவர் காலை எடுப்பார். பெடல் அடிவரை போய், மிதிப்பைத் திரவ அழுத்தமாக்கும் மாஸ்டர் சிலிண்டரின் பழைய சீல்கள் கெடாதிருக்கப் பெடலுக்கடியில் மரத்துண்டு ஒன்றை வைத்தோம். அப்போதும் பெடல் இறுகவில்லை.

உண்மைக் காரணத்தைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது: இடது, வலது காலிப்பர்களை நான் இடம் மாற்றிப் பொருத்தியிருந்தேன். நிப்பிள் கீழ்ப்பக்கம் அமைந்துவிட்டதால் மேலே தேங்கிய காற்று வெளியேற வழியே இல்லை. சரியாக மாற்றிப் பொருத்தியதும் பத்தே மிதிப்பில் பெடல் கல்லாக நின்றது.

திறந்து ஓராண்டான டாட் 4 பிரேக் திரவப் புட்டியைப் பயன்படுத்தலாமா என்று கேட்டிருந்தவருக்கு: வேண்டாம். அந்தத் திரவம் காற்றின் ஈரத்தை உறிஞ்சும்; தரநிலைப்படி புதிதில் குறைந்தது 230 பாகை செல்சியஸாக இருக்க வேண்டிய கொதிநிலை, ஈரமேற ஏற இறங்கிக்கொண்டே போகும்.